பூனைக்கு ஊசி போடக் கூடுமா?

அண்மைக் காலமாக மார்க்க விளக்கம் கேட்டு என்னிடம் வருவோரின் வினாக்களுள் ஒரு புது வினாவும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "ஹஜ்ரத், பூனைக்கு ஊசி போடக் கூடுமா?" என்பதே அவ்வினா. ஜகாத்தின் கணக்கையும் பாகப் பிரிவினையின் பங்கையும் கேட்டு வந்த அபிராமத்து மக்கள், இப்போது கையில் ஒரு பூனைக்குட்டியோடும் வந்து நிற்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்று என் முகத்தைப் பார்ப்பவர்கள் குழந்தைகள்.

"கூடும்" என்னும் ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பிவிடலாம். மார்க்கச் சட்டத்தைப் பொறுத்தவரை விடை அவ்வளவுதான். ஆயினும் அவ்வினாவுக்குள்ளே வேறு பல வினாக்கள் அடங்கியுள்ளன. எந்த ஊசி? எந்த வயதில்? எத்தனை தடவை? ஆண்டுதோறும் போட வேண்டுமா? போட்டால் தீங்கு ஏதும் உண்டா? இவற்றை ஓர் ஆலிமிடம் கேட்டுப் பயனில்லை. கால்நடை மருத்துவரிடமே கேட்க வேண்டும். அவரிடம் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அவர் நம்மிடம் கேட்பவற்றுக்கு விடை கூறுவதற்கும் ஒரு முறை உண்டு. கடந்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு கால்நடை மருத்துவர்களுடன் உரையாடி நான் அறிந்துகொண்டவற்றை நம் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடுப்பூசி போடுதலுக்கு இன்றைய அரபு மொழியில் 'தல்கீஹ்' என்று பெயர். இது புதிதாகப் படைக்கப்பட்ட சொல்லன்று. பேரீச்ச மரத்தின் ஆண் பாளையை எடுத்துப் பெண் பாளையில் சேர்த்து அதனைச் சூல்கொள்ளச் செய்யும் தொழிலுக்கும் அதே பெயர்தான். மதீனத்து மக்கள் அவ்வாறு செய்வதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அதனால் பயன் விளையும் எனத் தாம் கருதவில்லை என்னும் பொருள்படக் கூறினார்கள். மக்கள் அத்தொழிலை விட்டுவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. செய்தி எட்டியபோது, உங்கள் உலகத் தொழில் சார்ந்த காரியங்களை நீங்களே நன்கறிந்தவர்கள் என்னும் கருத்துப்பட நபியவர்கள் மொழிந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் செய்தி இது. தோட்டத்து அறிவைத் தோட்டக்காரரிடமே விட்ட அந்த வழிகாட்டுதல், மருத்துவ அறிவை மருத்துவரிடம் கேட்கும் கடமையை நமக்கு உணர்த்துகிறது. தல்கீஹ் என்னும் சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் இந்தப் பாடமும் என் நினைவுக்கு வருகிறது.

கால்நடை மருத்துவமும் நம் முன்னோருக்கு அந்நியமானதன்று. அரபு மொழியில் கால்நடை மருத்துவருக்குப் 'பைத்தார்' என்று பெயர். மூலிகை நூலால் உலகப் புகழ் எய்தி 1248-ஆம் ஆண்டில் திமிஷ்க் நகரில் மறைந்த அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்குக் கால்நடை மருத்துவரின் மகன் என்பதே பொருள். நம் பக்கத்து மக்களோ 'மாட்டாஸ்பத்திரி' என்றே சொல்லிப் பழகியவர்கள். மாட்டையும் ஆட்டையும் அங்கே ஓட்டிச் செல்வோர், பூனையைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு செல்ல மட்டும் வெட்கப்படுகிறார்கள். பத்துப் பேர் பார்த்துச் சிரிப்பார்களோ என்னும் அச்சம்! இந்த வெட்கம் எத்தனை பூனைகளின் உயிரைக் குடித்திருக்கிறது என்பதை நான் பிற்பாடு அறிந்தேன்.

பூனைக்கு நம் வீடுகளில் உள்ள இடம் என்ன என்பதை முதலில் நோக்குவோம். அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு அவர்களுடைய மருமகளார் கப்ஷா (ரலி) உளூச் செய்யத் தண்ணீர் எடுத்து வைத்தார்கள். ஒரு பூனை வந்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுக்க, அது குடித்தது. வியப்போடு நோக்கிய மருமகளாருக்கு, பூனை அசுத்தமானதன்று. உங்களைச் சுற்றித் திரிபவற்றுள் அதுவும் ஒன்று என்னும் நபிமொழியை அவர்கள் எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் காணப்படும் ஹதீஸ் இது. ஷாபிஈ மத்ஹபில் பூனையின் எச்சில் பட்ட நீர் தூய்மையானது. ஹனபி மத்ஹபிலும் அது தூய்மையானதே. வேறு நீர் இருக்கையில் அதைப் பயன்படுத்துவது மட்டும் மக்ரூஹ் எனப்படும்.

இச்சட்டத்தின் காரணத்தை, அதாவது இல்லத்தை, மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பேன். பூனை சுற்றித் திரிகிறது. அதைத் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. ஆகவே மார்க்கம் நமக்கு எளிமை அளித்தது. அந்தச் சுற்றித் திரிதல்தான் மருத்துவருக்கும் காரணமாக அமைகிறது. காலையில் கண்மாய்க் கரையில் ஓணானைப் பிடித்த பூனை, நண்பகலில் இறைச்சிக் கடையின் பின்புறம் வேறு பூனையோடு சண்டையிடுகிறது. மாலையில் அடுப்படியில் படுத்துறங்குகிறது. இரவில் குழந்தையின் போர்வைக்குள் நுழைகிறது. தெருவையும் தொட்டிலையும் இணைக்கும் பாலம் அது. தண்ணீரின் தூய்மைக்குக் காரணமான அதே சுற்றித் திரிதல், தடுப்பூசியின் தேவைக்கும் காரணமாகிறது. ஒரே காரணத்திலிருந்து இரண்டு கடமைகள் கிளைக்கின்றன.

நான் மருத்துவரை நாடிச் சென்றதன் வரலாற்றையும் இங்குச் சுருங்கக் கூறிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஒரே வாரத்துக்குள் ஆறேழு பூனைகள் மடிந்தன. முதல் நாள் இரை எடுக்கவில்லை. இரண்டாம் நாள் மஞ்சள் நீராக வாந்தி எடுத்தன. தண்ணீர்ச் சட்டியின் மேல் தலையைத் தொங்கவிட்டுக் குந்தியிருக்கும், ஆனால் குடிக்காது. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். நெல் மூட்டை அடுக்கியிருந்த ஒரு வீட்டார் எலிமருந்து வைத்துவிட்டார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. அவர்களுக்கும் அடுத்த வீட்டாருக்கும் முப்பது ஆண்டு உறவு. ஒருவர் வீட்டு நோன்புக் கஞ்சி மற்றவர் வீட்டுக்குப் போகாத ஆண்டில்லை. அந்த வாரத்தில் இரு வீட்டாருக்கும் இடையே ஸலாம் நின்றுபோயிற்று. "எங்கள் பூனையைக் கொன்றவன் முகத்தில் எப்படி விழிப்பது?" என்று ஒரு முதியவர் என்னிடம் கேட்டார். பூனையின் சாவு மனிதர்களின் பகையாக மூண்டுகொண்டிருந்தது.

நோயுற்ற ஒரு பூனையைக் கூடையில் வைத்து, தெருப் பிள்ளை ஒருவரின் இருசக்கர வாகனத்தில் ஏறி, அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கிருந்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். பூனையைத் தொட்டுப் பார்த்தார். இரத்தத்தை எடுத்துப் பார்த்தார். "ஐயா, இது விஷம் இல்லை, நோய். இரத்தத்தில் வெள்ளை அணுக்களே இல்லாத அளவுக்குக் குறைந்திருக்கிறது. பான்லூக்கோபீனியா என்று பெயர். மனிதருக்கு இது ஒட்டாது, பூனைக்குப் பூனை நெருப்பாகப் பரவும்" என்றார். அந்தப் பூனை பிழைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன சொல் இரண்டு வீடுகளைப் பிழைக்க வைத்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் இரு வீட்டாரையும் உட்காரவைத்து அச்செய்தியைச் சொன்னேன். முதியவர் எழுந்து சென்று அண்டை வீட்டுக்காரரின் கையைப் பற்றிக்கொண்டார். ஒரு நோயின் பெயரை அறியாமை எத்தனை பெரிய பழியைச் சுமத்தவல்லது என்பதை அன்று கண்டேன்.

அந்த வாரத்தில் தப்பிப் பிழைத்த ஒரு குட்டியை என் பேத்தி வளர்க்க விரும்பினாள். அதனால்தான் இரண்டாம் முறையும் அம்மருத்துவரிடம் சென்றேன். ஊசி எத்தனை ரூபாய் என்று கேட்டு, போட்டுக்கொண்டு திரும்பிவிடலாம் என்று எண்ணியே சென்றேன். அவரோ ஊசியை எடுக்குமுன் வினாக்களை எடுத்தார்.

"இது வீட்டுக்குள்ளேயே இருக்குமா, வெளியே போகுமா? வீட்டில் வேறு பூனை உண்டா? அக்கம்பக்கத்தில்? எலி, பறவை பிடிக்கிறதா? எத்தனை மாதக் குட்டி? தாய் எங்கே? இரை எடுக்கிறதா? வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தீர்களா? வீட்டில் சிறு குழந்தைகள் உண்டா? ஊருக்குப் போகும்போது பூனையை எங்கே விடுவீர்கள்?" என்று வரிசையாகக் கேட்டார். ஒரு காஜி சாட்சிகளை விசாரிப்பதுபோல இருந்தது. "இத்தனையும் எதற்கம்மா?" என்றேன். "ஐயா, நோயை நான் படித்திருக்கிறேன். இந்தப் பூனையின் வாழ்க்கை உங்களுக்குத்தான் தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் எந்த ஊசி என்று சொல்ல முடியும்" என்றார். இதைவிட நல்ல விளக்கம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. மருத்துவர் முன் நாம் வெறும் பணம் செலுத்துவோர் அல்லர். சாட்சி சொல்ல வந்தவர்கள். சாட்சியத்தில் பொய் கலந்தால் தீர்ப்புப் பிழையாகும். "வெளியே போகவே போகாது" என்று பெருமைக்காகச் சொல்லி, மாடி வழியே இரவெல்லாம் திரியும் பூனையைக் காட்டுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அவர் விளக்கியவற்றைச் சுருக்கித் தருகிறேன். பூனைகள் அனைத்துக்கும் தேவை என்று உலகக் கால்நடை மருத்துவ அறிஞர்கள் ஒப்புக்கொள்ளும் தடுப்பூசிகள் மூன்று நோய்களுக்கானவை. முதலாவது மேலே கூறிய பான்லூக்கோபீனியா. இரண்டாவது ஹெர்பீஸ் வைரஸ்; கண் பீளையும் சளியும் தும்மலுமாக வருவது. மூன்றாவது காலிசி வைரஸ். நாக்கிலும் வாயிலும் புண் உண்டாக்குவது. இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஊசி உண்டு. முதல் நோய்க்கு அது வலிய காப்பாகும். மற்ற இரண்டையும் அறவே தடுக்கும் என்று சொல்வதற்கில்லை. வந்தாலும் நோயின் கடுமையைக் குறைக்கும். வெறிநோய் நிலவும் நாடுகளில் அதற்கான ஊசியும் கட்டாயமானவற்றுள் சேர்கிறது. பூனை லுக்கீமியா போன்ற வேறு சிலவற்றுக்கும் ஊசிகள் உண்டு. அவை பூனையின் வயதையும் வாழ்முறையையும் பொறுத்தவை. வெளியே திரியும் பூனையாயின் அவற்றைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டறிவது நன்று.

பான்லூக்கோபீனியாவின் கிருமி மிகவும் பிடிவாதமானது. நோயுற்ற பூனை கிடந்த இடத்தில் ஓராண்டு வரையிலும் உயிர்ப்போடு இருக்கவல்லது. வெறும் சோப்பு நீருக்கு அது மசியாது. பிளீச்சிங் கரைசலே அதனை அழிக்கும். எங்கள் தெருவில் பூனைகள் இறந்த திண்ணைகளையெல்லாம் அப்படித்தான் கழுவினோம். இக்கிருமியின் இனத்திலிருந்து மாறுபட்டுத் தோன்றிய ஒன்றுதான் 1978-ஆம் ஆண்டளவில் உலகெங்கும் நாய்களைக் கொன்று குவித்த பார்வோ வைரஸ் என்பதையும் மருத்துவர் வழியே அறிந்தேன்.

"குட்டிக்கு ஒரு முறை போட்டால் போதாதா?" என்று கேட்டேன். குட்டி பிறந்ததும் குடிக்கும் சீம்பாலில் தாயின் நோயெதிர்ப்பு ஆற்றலும் கலந்து வருகிறது. அது குட்டியைக் காக்கிறது. ஆனால் அதே ஆற்றல் ஊசி மருந்தையும் பகையெனக் கருதிச் செயலற்றதாக்கிவிடுகிறது. ஒரு குட்டிக்கு அவ்வாற்றல் எட்டாம் வாரத்தில் தீரும். மற்றொன்றுக்குப் பதினாறாம் வாரம் வரை நீடிக்கும். எந்தக் குட்டிக்கு எப்போது தீரும் என்பது வெளியே தெரியாது. ஆகவே ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறு வாரம் நிறையும் வரை போடுகிறார்கள். பிறகு ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ ஒன்று. மீண்டும் மீண்டும் போடுவது வணிகத் தந்திரம் என்று ஐயுறுவோர் இக்காரணத்தை அறிந்தால் ஐயம் நீங்குவர். தாய்ப்பாலின் கருணையே ஊசிக்குத் தடையாக நிற்பதையும், அத்தடை நீங்கும் நாளைக் காத்திருந்து பிடிக்க வேண்டியிருப்பதையும் எண்ணும்போது ஸுப்ஹானல்லாஹ் என்றே நாவு மொழிகிறது.

அடுத்து, ஊசிகளுக்குள் தேர்வு. சில ஊசிகளில் கிருமி உயிரோடு, ஆனால் வலுவிழக்கச் செய்யப்பட்டு இருக்கும். சிலவற்றில் கொல்லப்பட்ட கிருமி இருக்கும். முன்னது விரைவில் பயன் தரும். ஆனால் சினைப் பூனைக்கு அது ஆகாது. வயிற்றிலுள்ள குட்டிகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே பெண் பூனையைக் கொண்டு செல்வோர் அது சினையா இல்லையா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐயமிருந்தால் ஐயத்தையும் சொல்ல வேண்டும். காய்ச்சலோ கழிச்சலோ இருக்கும் பூனைக்கு ஊசியைத் தள்ளிவைப்பதா என்பதையும் மருத்துவரே முடிவு செய்வார்.

தீங்கு உண்டா என்றும் கேட்டேன். உண்டென்றால் உண்டு என்று சொல்லும் மருத்துவரிடமே எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. ஓரிரு நாள் சோர்வும் இளஞ்சூடும் இருக்கலாம். மிக அரிதாக, ஊசி போட்ட சிறிது நேரத்தில் முகம் வீங்குதல், வாந்தி, மூச்சுத் திணறல் தோன்றலாம். அதனால் சற்று நேரம் மருத்துவமனையிலேயே காத்திருப்பது நல்லது. இவற்றினும் அரியது ஊசி போட்ட இடத்தில் தோன்றும் புற்றுக்கட்டி. அமெரிக்காவில் 1991-ஆம் ஆண்டில் இது முதன்முதலாக எடுத்துக்காட்டப்பட்டது. பத்தாயிரம் பூனைகளில் ஒன்றுக்கு என்னும் அளவில் பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஆய்வுக்கு ஆய்வு இவ்வெண் மாறுபடுகிறது. அதன் பின்னர், தோள்களுக்கு இடையே போடுவதை விடுத்துக் காலின் கீழ்ப்பகுதியில் போடும் வழக்கம் பல நாடுகளில் பரவியது. கட்டி தோன்றினால் வெட்டி எடுக்க வசதியான இடம் என்பதே காரணம். ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கம் தோன்றி மறைவது இயல்பு. அது மூன்று மாதம் கடந்தும் மறையாவிட்டாலோ, இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பெருத்தாலோ, ஒரு மாதத்துக்குப் பின்னும் வளர்ந்துகொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதைக் கேட்டு அஞ்சி ஊசியையே விடுவது தகாது. எங்கள் தெருவில் ஒரே வாரத்தில் மடிந்தவற்றை எண்ணிப் பார்த்தால் எது பெரிய தீங்கு என்பது விளங்கும். பெரிய தீங்கைத் தவிர்க்கச் சிறிய தீங்கைப் பொறுத்தல் என்பது பிக்ஹுக் கலையில் நாம் பயின்ற விதியன்றோ!

பிறகொரு சமயம் மதுரை சென்றபோது அங்கே தனியார் மருத்துவர் ஒருவரிடமும் உரையாடினேன். முத்தடுப்பூசியை முதலாண்டுக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று எங்கள் மருத்துவர் கூறியிருந்தார். மதுரை மருத்துவரோ ஆண்டுதோறும் என்றார். நம்மவர்கள் இத்தகைய இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஒருவரைப் பொய்யர் என்றோ பணத்தாசை பிடித்தவர் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். இமாம்களின் கருத்து வேறுபாட்டை ஓதி வளர்ந்தவனுக்கு அவ்வாறு எண்ண மனம் வரவில்லை. வேறுபாடு கண்டால் ஆதாரத்தைக் கேட்பதே கற்றோர் மரபு. "என் பூனைக்கு ஏன் ஆண்டுதோறும் என்கிறீர்கள்?" என்று பணிவோடு கேட்டேன். அவரும் முகம் சுளிக்காமல் விளக்கினார். அவரிடம் வரும் பூனைகளுள் பல, உரிமையாளர்கள் வெளியூர் செல்லும்போது பிற பூனைகளோடு காப்பகத்தில் விடப்படுபவை. கூட்டத்தில் வாழும் பூனைக்குச் சளிக் கிருமிகளின் ஆபத்து மிகுதி. அவற்றுக்கு எதிரான காப்போ விரைவில் தேய்வது. ஆகவே ஆண்டுக்கொரு முறை. தனித்து, அமைதியாக வாழும் வளர்ந்த பூனைக்கு மூன்று ஆண்டுகள் போதும் என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். உலகச் சிறுவிலங்கு மருத்துவச் சங்கம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறியும் இப்படியே பிரித்துக் கூறுகிறது. ஆக, இருவரும் வேறு வேறு பூனைகளைப் பற்றிப் பேசினார்கள், அவ்வளவே.

பூனை வாழும் நாட்டைப் பொறுத்தும் தீர்ப்பு மாறும். எங்கள் ஊரார் பலர் பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்கள். என் சகோதரியின் மகன் சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறான். அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு அங்கே நீண்ட காலம் இருந்த தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. சிங்கப்பூர் 1953 முதல் வெறிநோய் அற்ற நாடு. பத்தாவது மாடியில் கதவடைத்து வாழும் அவனுடைய பூனைக்கும், கூரைக்குக் கூரை தாவும் என் பேத்தியின் பூனைக்கும் ஒரே தீர்ப்பு எப்படிப் பொருந்தும்? நம் நாட்டிலேயே லட்சத்தீவும் அந்தமான் நிக்கோபாரும் வெறிநோய் அற்றவையாகக் கருதப்படுகின்றன. இராமநாதபுரச் சீமைக்கு அந்தப் பேறு இல்லை.

வெறிநோயைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறியாக வேண்டும். ஏனெனில் மற்ற ஊசிகள் பூனைக்காக. இது பூனைக்காகவும் நம் பிள்ளைகளுக்காகவும். அரபு மருத்துவர்கள் இந்நோயைக் 'கலப்' என்றழைத்தனர். இப்னு ஸீனாவும் தமது மருத்துவ நூலில் இதைப் பற்றி எழுதியுள்ளார். அறிகுறி தோன்றிய பின் இதிலிருந்து மீள்வோர் அநேகமாக எவரும் இலர். 1885 ஜூலை 6-ஆம் நாள் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். தென்னிந்தியாவில் அம்மருந்து கிடைக்காத நிலையில் 1902-இல் ஓர் ஆங்கிலப் பெண் இந்நோயால் இறந்தது பெருங்கவலையை எழுப்பியது. 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் குத்திய காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த அச்சத்தால் கடியை மறைத்து மாண்டோரும் உண்டு. 2005 முதல் அம்மருந்து நம் நாட்டில் வழக்கில் இல்லை. இன்று கையில் போடும் நான்கைந்து ஊசிகளோடு முடிந்துவிடுகிறது. ஆயினும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் 2022 - 2023-இல் நடந்த ஆய்வு, இந்தியாவில் ஆண்டுக்கு 5,700-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டுள்ளது. கடித்தவற்றுள் நான்கில் மூன்று பங்கு நாய்கள்தாம். ஆனால் எஞ்சியவற்றுள் பூனையும் உண்டென்பதை நம்மவர் மறந்துவிடுகிறார்கள்.

எங்கள் மக்தபில் ஓதும் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கையில் கீறலோடு மூன்று நாள் வந்துகொண்டிருந்தான். கேட்டபோது, முள் கிழித்தது என்றான். நான்காம் நாள் தனியே அழைத்து விசாரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. அவன் சோறு வைத்து வளர்த்த தெருப் பூனை பிறாண்டிவிட்டது. சொன்னால் அத்தா பூனையைச் சாக்கில் கட்டிக் கண்மாய்க்கு அப்பால் விட்டுவிடுவார் என்று அஞ்சியிருக்கிறான். அன்றே அவனுடைய தாயார் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். ஊசிகள் போட்டு, அல்லாஹ்வின் அருளால் நலமாக இருக்கிறான். பூனைக்கு ஊசி போட்டிருக்கும் வீட்டில் பிள்ளைகள் எதையும் மறைக்க வேண்டிய தேவை எழாது என்பதை அப்போது உணர்ந்தேன். கடியோ கீறலோ பட்டால் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஓதி ஊதிப் பார்ப்பதை நான் தடுப்பவன் அல்லன். ஆனால் அது மருத்துவமனைக்குப் போகும் வழியில் நடக்கட்டும். வீட்டுப் பூனை ஊசி போட்டதாயினும் கடித்தால் மருத்துவரிடம் கேளாமல் இருந்துவிடலாகாது. பூனைக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, ஓராண்டில் மறு ஊசி, பின்னர் மருந்தின் உறையில் குறித்தபடியும் மருத்துவர் சொன்னபடியும் தொடர வேண்டும்.

மார்க்கத்தின் பெயரால் எழும் ஐயங்களுக்கும் விடை கூறிவிடுகிறேன். ஊசி போடுவது தவக்குலுக்கு மாறாகாதா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நபியவர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு கலக்க வேண்டாம் என்றும் அறிவுறுத்தியிருக்கிறார்கள். பூனைக்குச் செலவிடுவது வீண்விரயம் ஆகாதா? ஹிஜ்ரி 660-இல் மறைந்த ஷாபிஈ பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள் கால்நடைகளுக்கு மனிதன்மீதுள்ள உரிமைகளைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற் போனாலும் அவற்றுக்குச் செலவிட வேண்டும் என்பதும், அவற்றுக்குத் தீங்கு தருவனவற்றோடு சேர்த்து வைக்கலாகாது என்பதும் அப்பட்டியலில் உள்ளவை. பூனையைக் கட்டிப்போட்டு, உணவும் தராமல், தானே தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்கு நேர்ந்த முடிவு நாம் அறிந்ததே. அடைத்து வைத்தவருக்குப் பொறுப்பு உண்டென்றால் வளர்ப்பவருக்கும் உண்டு. ஊசியின் வலி கொடுமை ஆகாதா? ஒரு கணத்து வலியால் மூன்று நாள் வாதையைத் தடுப்பது இரக்கமே ஆகும்.

இனி, மருத்துவரிடம் செல்லும் நம் குடும்பத்தார் செய்யத்தக்கவை. பூனையின் வயது, வந்த இடம், திரியும் இடம், முன்பு போட்ட ஊசி, வந்த நோய் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு செல்க. பூனையைத் துணி விரித்த மூடு கூடையில் கொண்டு செல்க. கையில் பிடித்துக்கொண்டு போனால் நாயைக் கண்டதும் பாய்ந்துவிடும். எந்த நோய்க்கு இந்த ஊசி, உயிருள்ள கிருமியா, கொல்லப்பட்டதா, அடுத்தது எப்போது, எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்க. மருந்து குளிரில் காக்கப்பட்டதா என்றும் கேட்கத் தயங்க வேண்டாம். இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து அது. நம் சீமையின் வெயிலில் பேருந்தில் பையில் போட்டு எடுத்துவந்தால் தண்ணீரைக் குத்தியதற்கு ஒப்பாகும். எங்கள் பூனைக்கான முத்தடுப்பூசியை மதுரையிலிருந்து தருவித்தபோது, பனிக்கட்டி இட்ட பெட்டியில்தான் கொண்டுவந்தோம். வெறிநோய் ஊசிக்கு அரசு கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். ஆண்டுதோறும் ஜூலை 6-ஆம் நாளை ஒட்டி முகாம்கள் நடத்துவது வழக்கம். போட்டபின் தரும் அட்டையைக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

இவ்வளவையும் செய்பவர் பூனைக்கு மட்டும் நன்மை செய்தவராகார். அண்டை வீட்டாரைச் சந்தேகத்திலிருந்தும், தெருப் பிள்ளைகளைக் கொடிய நோயிலிருந்தும் காத்தவர் ஆவார். நம்மைச் சுற்றித் திரியும் வாயில்லா உயிர்களின் பொறுப்பை உணர்ந்து நடக்கவும், அறியாதவற்றை அறிந்தோரிடம் கேட்டுத் தெளியவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.